அளவறிந்து உண்போம்



உங்கள் இல்லத்து மருந்துப் பெட்டியைச் சற்றுத் திறந்து பாருங்கள். காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து, வலித் தைலம் ஆகியவற்றின் நடுவே வேறு இரண்டும் இருக்கக் காண்பீர்கள். ஒன்று கால்சியம் எனப்படும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை அட்டை. மற்றொன்று வைட்டமின் டி. மருந்துக்கடைக்காரர் ‘சாஷே’ என்று கூறும் பொடிப் பொட்டலமாகவோ, மெத்தென்ற உறை மாத்திரையாகவோ அது இருக்கும். முழங்கால் வலி, முதுகு வலி, உடற்சோர்வு என்று மருத்துவரிடம் செல்வோர் பலர் இவ்விரண்டையும் கையிலேந்தியே வீடு திரும்புகின்றனர்.

இவை சத்துப் பொருள்கள் என்பதால், மிகுதியாக உட்கொண்டால் நன்மையும் மிகும், தீங்கு ஒன்றும் நேராது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். மருத்துவர் ‘வாரம் ஒன்று’ என எழுதிக் கொடுத்ததை ‘நாளுக்கு ஒன்று’ எனப் பிழைபடப் புரிந்துகொண்டு, பல வாரங்கள் உட்கொண்டு, ஓயாத வாந்தியும் மனக்குழப்பமுமாக மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதியோர் உண்டு. ஊட்டத்திற்கென வாங்கிய மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுவது எத்துணை வருந்தத்தக்கது! ஆகவே இவ்விரு மருந்துகளையும் தீங்கின்றிப் பயன்படுத்தும் முறையை இத்திங்கள் காண்போம்.

எலும்பு ஒரு சேமிப்புக் கிடங்கு

நம் உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் அமைந்துள்ளது. எஞ்சிய ஒரு விழுக்காடு அளவில் சிறிதாயினும் பணியில் பெரிது. இதயம் துடிப்பதற்கும், தசைகள் சுருங்கி விரிவதற்கும், நரம்புகள் செய்தி கடத்துவதற்கும், குருதி உறைவதற்கும் அதுவே துணை. எனவே இரத்தத்தில் அதன் அளவு குறையாமலும் கூடாமலும் காப்பதில் உடல் மிகுந்த கருத்தாயிருக்கிறது. குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ஈடு செய்யும். வரவு குறைந்த குடும்பம் சேமிப்பை எடுத்துச் செலவிடுவது போன்றது இது. பல்லாண்டுகள் இவ்வாறு எடுத்துக்கொண்டே இருந்தால் எலும்பு நொய்ந்துவிடும் அன்றோ?

உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வதற்குத் துணை நிற்பது வைட்டமின் டி. இஃது இல்லையேல் உண்ட சத்தின் பெரும்பகுதி வீணே வெளியேறும். குழந்தைகளுக்குக் கால்கள் வளையும் ரிக்கெட்ஸ் நோயும், வளர்ந்தோருக்கு எலும்பு மென்மையுறும் நோயும் இக்குறையால் விளைபவை. 1919ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வர்டு மெல்லன்பி என்பார், மீன் எண்ணெய் ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்கிறது என்பதை நாய்க்குட்டிகளைக் கொண்டு காட்டினார். அதே ஆண்டில் பெர்லின் நகரில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர், புற ஊதாக் கதிர் விளக்கின் ஒளியாலேயே அந்நோயுற்ற குழந்தைகளைக் குணப்படுத்தினார். மீன் எண்ணெயில் இருப்பதும், ஒளி பட்ட தோலில் உருவாவதும் ஒரே சத்தே என்பது பின்னர் தெளிவாயிற்று.

வெயில் நாட்டில் ஏன் இக்குறை?

ஆண்டு முழுவதும் கதிரவன் காயும் நம் நாட்டில் வைட்டமின் டி குறைவு எவ்வாறு நேரும் என்று வியப்புறுவீர்கள். நாம் கதிரவனைக் கண்ணால் காண்கின்றோமே தவிர, தோலில் படவிடுவது அரிதாகிவிட்டது. வீட்டிலும் அலுவலகத்திலும் பகற்பொழுது கழிகிறது. வெளியே செல்லும்போது உடல் முழுவதும் மூடப்பட்டிருக்கிறது. கருமை மிகுந்த தோலுக்கு இச்சத்தை உருவாக்கக் கூடுதல் நேரம் வேண்டும். முதுமையில் தோலின் இவ்வாற்றல் குறைகின்றது.

அதிகாலை இளவெயிலே வைட்டமின் டி தரும் என்பது பலருடைய நம்பிக்கை. இது சரியன்று. இச்சத்தை உண்டாக்கும் கதிர்கள் கதிரவன் உயர்ந்து நிற்கும்போதே தரையை நன்கு வந்தடைகின்றன. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீண்டிருக்கும் நேரத்தில் அக்கதிர்கள் மிகக் குறைவு. கண்ணாடிச் சன்னலுக்குள் அமர்ந்து வெயில் காய்வதாலும் பயனில்லை. கண்ணாடி அக்கதிர்களைத் தடுத்துவிடும். முற்பகலின் பிற்பகுதியில், முகமும் கைகளும் கால்களும் வெயில்பட, தோல் கன்றாத அளவுக்குச் சிறிது நேரம் வெளியில் நடமாடுவது நன்று.

வெயிலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. தேவைக்கு மேல் வெயில் பட்டால், தோலில் உருவாகும் முன்னிலைப் பொருளை அதே வெயில் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. ஆகவே வெயிலால் இச்சத்து உடலில் நஞ்சாகும் அளவுக்குப் பெருகுவதில்லை. மாத்திரைக்கும் பொடிக்கும் அத்தகைய கட்டுப்பாடு இல்லை. அவற்றுக்கு அளவு வகுக்க வேண்டியவர்கள் நாமே.

ஒரு பொட்டலம், நூறு நாள்

நம் நாட்டில் பெரிதும் எழுதித் தரப்படும் பொடிப் பொட்டலத்திலும் உறை மாத்திரையிலும் இருப்பது 60,000 யூனிட் வைட்டமின் டி. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்துள்ளது. கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சிறு பொட்டலத்தில் நூறு நாளைக்கான சத்து அடங்கியிருக்கிறது! எடையில் அது ஒன்றரை மில்லிகிராமே; ஆற்றலில் மிகப் பெரிது.

குறைபாடு உள்ளவர்களுக்கு அக்குறையை விரைந்து நிரப்பும்பொருட்டு, வாரம் ஒரு பொட்டலமாகச் சில வாரங்களுக்கு மருத்துவர் தருகின்றார். பெரும்பாலும் அஃது எட்டு வாரங்களாக இருக்கும். பின்னர் மாதம் ஒன்றாகவோ, நாள்தோறும் சிற்றளவாகவோ மாற்றிவிடுவார். மருத்துவர் மேற்பார்வையின்றி ஒருவர் நீண்ட காலம் உட்கொள்வதாயின் நாளொன்றுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டலாகாது என்பது அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2010இல் வகுத்த மேல்வரம்பு. வாரப் பொட்டலத்தை நாள்தோறும் உண்பவர் அவ்வரம்பைப் போல் பதினைந்து மடங்கு உண்கின்றார்; ஒரு மாதத்தில் அவர் உடலில் சேர்வது 18 இலட்சம் யூனிட்!

பி, சி போன்ற வைட்டமின்கள் நீரில் கரைபவை. மிகுந்தவற்றில் பெரும்பகுதி சிறுநீரோடு கழிந்துவிடும். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடற்கொழுப்பில் சென்று தங்கிவிடும். மருந்தை நிறுத்திய பின்னரும் அதன் விளைவு பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட நீடிப்பது இதனாலேயே.

பிழை நேரும் வழிகள்

வாரத்தை நாளென்று கொள்வது முதற்பிழை. எட்டு வாரத்திற்கென எழுதிய சீட்டைக் காட்டி, ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பது இரண்டாம் பிழை. மூட்டு மருத்துவர் ஒரு பெயரிலும் பொது மருத்துவர் வேறொரு பெயரிலும் எழுதித் தந்ததை, இரண்டும் ஒன்றே என அறியாமல் சேர்த்து உட்கொள்வது மூன்றாம் பிழை. இவற்றோடு 3 இலட்சம் அல்லது 6 இலட்சம் யூனிட் கொண்ட ஊசியும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டா. அண்டை வீட்டாருக்கு நலம் பயந்தது என்று நாமும் வாங்கி உண்பது நான்காம் பிழை.

தாய்மார்களே, குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் தனிக் கவனம் வேண்டும். பச்சிளங் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 யூனிட் போதுமானது. ஒரு மில்லி லிட்டரில் 400 யூனிட் உள்ள மருந்தும் கடையில் கிடைக்கிறது. 800 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. ஒரு புட்டி தீர்ந்து வேறொரு புட்டி வாங்கும்போது, அதன் மேற்சீட்டைப் படித்து, எத்தனை மில்லி தர வேண்டும் என்று கேட்டறிந்த பின்னரே புகட்டுங்கள். ஒரு மருந்தின் அளவுக்குழாயை மற்றொரு மருந்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

சிறிது சிறிதாகச் சேர்வதும் பெருந்தீங்காகலாம் என்பதற்கு இங்கிலாந்து தரும் பாடம் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்குக் குழந்தைகளுக்கான பால்மாவிலும், தானிய உணவிலும், மீன் எண்ணெயிலும் தனித்தனியே வைட்டமின் டி சேர்க்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதே. ஆயினும் மூன்றையும் உண்ட குழந்தைக்குச் சேர்ந்த மொத்த அளவு மிகுந்துவிட்டது. 1950களில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து பெருகிக் குழந்தைகள் பலர் நோயுற்றனர். 1957இல் அவ்வளவுகள் குறைக்கப்பட்டன. எனவே ஒவ்வொரு மருந்தையும் தனியே நோக்காது, அனைத்தையும் கூட்டிப் பார்க்கும் வழக்கம் நமக்கு வேண்டும்.

உடல் தரும் எச்சரிக்கை

வைட்டமின் டி மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து பெருகும். பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், அடங்காத் தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், தசைத் தளர்ச்சி, அளவு கடந்த அசதி ஆகியவை அதன் அடையாளங்கள். முதியோர் பேச்சில் தடுமாற்றமும் நினைவில் குழப்பமும் தோன்றலாம். ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டார் வாளாவிருந்துவிடுகின்றனர். அதற்குள் சிறுநீரகம் பழுதுறக்கூடும், இதயத்துடிப்பும் சீர்கெடலாம்.

இம்மருந்துகளை உட்கொள்ளும் ஒருவரிடம் இவ்வடையாளங்கள் தோன்றினால், அவற்றை அன்றே நிறுத்துங்கள். மருந்து அட்டைகளையும் பொட்டலங்களையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். எந்நாளிலிருந்து, எத்தனை உட்கொண்டார் என்பதை மறையாது கூறுங்கள். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தையும் சிறுநீரகத்தின் நிலையையும் சோதித்தால் உண்மை விளங்கிவிடும். காலத்தே கண்டால் குணமாகக்கூடிய நிலையே இது.

சுண்ணாம்புச் சத்து மாத்திரை

வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 வேண்டும். இஃது உணவும் மாத்திரையும் சேர்ந்த மொத்த அளவு. ஆகவே முதலில் உணவைக் கணக்கிடுங்கள். பாலோ தயிரோ மோரோ நாள்தோறும் உண்டா? நூறு மில்லி பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் இச்சத்து உள்ளது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி முதலிய சிறுமீன்கள் யாவும் இச்சத்து நிறைந்தவை. காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும், நண்பகலில் கீரையும் சிறுமீனும், இரவில் ஒரு குவளைப் பாலும் கொள்ளும் குடும்பத்தில் மாத்திரைக்கான தேவை குறைவே. உணவில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை மட்டுமே மாத்திரையால் நிரப்புதல் முறை.

மாத்திரையின் மேற்சீட்டைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம்’ என்றிருந்தால் அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து 500 மில்லிகிராமே. கார்பனேட் வகை, வயிற்று அமிலத்தின் துணையால் கரைவது. ஆதலின் உணவோடு உட்கொள்ள வேண்டும். சிட்ரேட் வகையை எப்பொழுதும் உட்கொள்ளலாம். வயிற்றமிலத்தைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்க்கு அது ஏற்றது. ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குடல் முழுவதையும் ஏற்பதில்லை. இரண்டு மாத்திரை வேண்டுமாயின் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று எனப் பிரித்து, போதிய நீருடன் கொள்ளுங்கள்.

சில கால்சியம் மாத்திரைகளில் ‘கால்சிட்ரியால்’ என்னும் பொருளும் கலந்திருக்கும். இது வைட்டமின் டியின் முழுமையாகச் செயலூட்டப்பட்ட வடிவம். மைக்ரோகிராமின் சிறு பகுதியளவிலேயே வேலை செய்வது. சிறுநீரக நோயாளர் போன்றோர்க்கு மருத்துவர் ஆராய்ந்து தருவது அது. தாமாகக் கடையில் வாங்குவோர் அப்பெயரைக் கண்டால், மருத்துவரைக் கேளாது வாங்க வேண்டா.

உடன் சேரா மருந்துகள்

சுண்ணாம்புச் சத்து, குடலில் வேறு சில மருந்துகளைப் பற்றிக்கொண்டு அவை உடலில் சேராமல் தடுத்துவிடும். எனவே இவற்றை நினைவிற் கொள்ளுங்கள்:

1. தைராய்டு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் இதை உட்கொள்பவர், கால்சியத்தை நான்கு மணி நேரம் கழித்தே உட்கொள்ள வேண்டும்.

2. இரும்புச் சத்து மாத்திரை. கருவுற்ற தாய்மார்களுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் இரும்புச் சத்தும் கால்சியமும் தரப்படுகின்றன. இரண்டையும் ஒருங்கே விழுங்கினால் இரும்புச் சத்து உடலில் குறைவாகவே சேரும். கால்சியத்தை உணவோடும், இரும்புச் சத்தைக் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளியும் கொள்ளுங்கள்.

3. டாக்சிசைக்கிளின், சிப்ரோபிளாக்சசின் போன்ற நோய்க்கிருமிக் கொல்லிகள். இவற்றை உட்கொள்ளும் நாள்களில் கால்சியத்தை எப்பொழுது கொள்வது, அல்லது நிறுத்திவைப்பதா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

4. எலும்பு நொய்மைக்கு வாரம் ஒருமுறை தரப்படும் அலென்ட்ரோனேட் மாத்திரை. இதை வெறும் வயிற்றில், வெறும் நீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருத்தல் வேண்டும். கால்சியம் அதற்குப் பிறகே. இதுவும் வாரத்திற்கு ஒன்று, வைட்டமின் டியும் வாரத்திற்கு ஒன்று என்பதால் ஒன்றுக்கு மற்றொன்று மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகக் கல் இருந்தவர், சிறுநீரகம் பழுதுற்றவர், காசநோய்க்கு மருத்துவம் பெறுபவர், இதயத்திற்கு டிகாக்சின் உட்கொள்பவர், இரத்த அழுத்தத்திற்கு குளோர்தாலிடோன் போன்ற நீர்போக்கு மருந்து உட்கொள்பவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இவ்விரண்டையும் தொடங்கலாகாது. வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் உட்கொள்பவருக்கோ இச்சத்து உடலில் விரைந்து அழியும். அவர்க்குக் கூடுதலும் தேவைப்படலாம். ஒருவர்க்கு ஏற்றது மற்றவர்க்கு ஏலாது என்பது இதனால் விளங்கும்.

யாவர்க்கும் வேண்டுமோ?

நலமாயிருப்போரும் முன்னெச்சரிக்கையாக உட்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு நடந்த பேராய்வு ஒன்றின் முடிவு 2022இல் வெளிவந்தது. குறைபாடு உண்டா எனத் தேர்ந்து சேர்க்கப்படாத அவர்களில் ஒரு பாதியினர் நாள்தோறும் 2,000 யூனிட் வைட்டமின் டி உட்கொண்டும், எலும்பு முறிவு அவர்களிடம் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வேளையாக 5 இலட்சம் யூனிட் தந்து பார்த்தனர். 2010இல் வெளிவந்த அம்முடிவின்படி, மருந்து பெற்றவர்களே மிகுதியாகத் தவறி விழுந்தனர்; அவர்களுக்கே எலும்பு முறிவும் மிகுதியாக நேர்ந்தது. மாதவிடாய் நின்ற 36,282 அமெரிக்கப் பெண்களிடம் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டியும் பெற்றவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 விழுக்காடு மிகுதியாகக் காணப்பட்டது.

இவற்றைக் கேட்டு, மருத்துவர் தந்த மருந்தை அச்சத்தால் நிறுத்திவிடாதீர்கள். குறைபாடு உள்ளவர்க்கும், எலும்பு நொய்ந்தவர்க்கும், வெளியில் செல்ல இயலாது படுக்கையில் இருக்கும் முதியோர்க்கும், கருவுற்ற தாய்க்கும், பச்சிளங் குழந்தைக்கும் இவை உரிய அளவில் மிக்க பயன் தருவன. தேவையுள்ளோர்க்கு மருந்தாவது, தேவையில்லாதோர்க்குச் செலவு. அளவு மீறினோர்க்கோ நஞ்சு.

இல்லத்தில் செய்யத் தக்கவை

மருந்து வாங்கியவுடன், ‘வாரம் ஒன்று’ என்பதைப் பொட்டலத்தின் மீதே பெரிய தமிழ் எழுத்தில் எழுதிவையுங்கள். எந்நாளில் முடிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை என ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, உண்டவுடன் நாட்காட்டியில் ஒரு கோடு இடுங்கள். வாரப் பொட்டலங்களை நாள்தோறும் உண்ணும் மாத்திரைகளோடு கலந்து வைக்காதீர்கள். கண் மங்கிய பாட்டிக்கும் தாத்தாவுக்கும் வீட்டில் ஒருவரே பொறுப்பேற்று, தம் கையால் எடுத்துக் கொடுக்கட்டும். கொழுப்பில் கரையும் சத்து ஆதலின் உணவுக்குப் பின்னரோ பாலோடோ கொடுப்பது நன்று. ஒரு வாரம் மறந்துவிட்டால், அடுத்த வாரம் இரண்டாகச் சேர்த்துத் தர வேண்டா. எந்த மருத்துவரிடம் சென்றாலும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். மருத்துவர் எழுதியது விளங்கவில்லையெனில் மீண்டும் கேட்க நாணாதீர்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் கூறினர். அந்நாளில் ஒன்றரை மில்லிகிராமில் நூறு நாளைய சத்தை அடக்கும் வித்தையை அவர்கள் கண்டதில்லை. அதனைக் கண்டுவிட்ட நமக்கோ அம்மூதுரை இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகின்றது. இவ்விதழை மூடி வைத்த கையோடு, வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். உங்கள் பெற்றோருக்கு நீங்கள் இன்று செய்யத்தக்க நல்லதொரு பணிவிடை அதுவே.